ஆறு வருஷத்தில் 162 நாள்

கல்யாணம் முடிந்து எத்தனை வருஷம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் 2015ல் நான் "ஆறு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கிறவர்கள் உடனே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரம்மா மட்டும் அந்த ஆறைக் கேட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி இன்னொரு கேள்வி கேட்டார். "இந்த ஆறு வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டில இருந்தது எத்தனை நாள்?"

நான் அண்டி ஆபீஸில் கணக்கெழுதுகிறவள். முந்திரிக்கொட்டை ஆலையைக் குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் அப்படித்தான் சொல்வோம். யார் எத்தனை கிலோ உடைத்தாள், யாருக்கு எத்தனை நாள் கூலி பாக்கி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இந்தக் கணக்கு மட்டும் என்னிடம் இல்லை. அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்து, முத்திரைத் தேதிகளைப் பார்த்து, அந்த மேசையிலேயே கூட்டினோம். 2009ல் கல்யாணத்துக்கு அப்புறம் 37 நாள். 2011ல் 60. 2013ல் 45. 2014ல் மாமா, அவருடைய அப்பா, இறந்தபோது ஓடி வந்து நின்றது 20. மொத்தம் 162. டாக்டரம்மா அதை என் ஃபைல் அட்டையில் எழுதி வட்டம் போட்டார்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அதைக் கடைசிவரை மறைத்து வைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஏனென்றால் எங்களைவிடப் பொறுமையாக, எங்களைவிடச் சரியாக எல்லாம் செய்தும் என் மைனிக்கு, அண்ணன் மனைவிக்கு, குழந்தை இல்லை. இதை அவளிடம் படித்துக் காட்டி, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் தோகாவில் குப்பூஸ் ரொட்டி சுடும் பேக்கரியில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கதை இதுதான். கல்யாணமான பெண் ஒரு வருஷத்தில் உண்டாகவில்லை என்றால் காரணம் தேடத் தொடங்குவார்கள். அந்த ஒரு வருஷத்தில் பத்தரை மாதம் மாப்பிள்ளை கடல் தாண்டி இருந்தது யார் நினைவுக்கும் வராது. மருத்துவத்தில் குழந்தையின்மை என்று பேசத் தொடங்குவது, எந்தத் தடுப்பும் இல்லாமல் 12 மாதம் தொடர்ந்து சேர்ந்திருந்தும் கரு நிற்காதபோதுதான். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதம் போதும், பார்க்கத் தொடங்கலாம். சேர்ந்திருந்த மாதங்கள்தான் கணக்கு, தாலி கட்டிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. ஒரு குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு நிற்க 100க்கு 20, 25 வாய்ப்புதான் என்று அந்த டாக்டரம்மா சொன்னபோது நான் அழுதுவிட்டேன். ஆறு வருஷமாக யாரும் இதை என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

சொன்னதெல்லாம் வேறு. முதல் வருஷம் என் உடம்பில் சூடு. அண்டிச் சுட்ட புகை பட்டுக் கர்ப்பப்பை வறண்டுவிட்டது என்றார்கள். எண்ணெய்க் குளியல், வெந்தயம், இளநீர், வெள்ளைப் பூசணி. இரண்டாம் வருஷம் கர்ப்பப்பையில் பூச்சி. வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்தார்கள். அப்புறம் கண்ணேறு. அப்புறம் யாரோ சோற்றில் கைவிஷம் வைத்துவிட்டார்கள் என்று சேர்த்தலைப் பக்கம் திருவிழா என்ற ஊரில் இருக்கும் மகாதேவர் கோவிலுக்குக் கூட்டிப் போனார்கள். கைவிஷம் எடுக்க அங்கே மருந்து குடித்து வாந்தி எடுப்பார்கள். நானும் எடுத்தேன். கிறிஸ்தவர்களான பக்கத்து வீட்டு அக்கா எனக்காகக் கோட்டாறு சவேரியார் கோவிலில் நேர்ந்துகொண்டாள். என்னோடு வேலை பார்த்த பாத்துமா தக்கலை தர்காவில் நூல் கட்டி வந்தாள். இவர்கள் யாரும் எனக்குத் தீமை நினைத்ததே இல்லை. நான் சாப்பிடவில்லை என்றால் தானும் சாப்பிடாதவள் பாத்துமா.

ஆனால் எல்லாக் காரணமும் என் உடம்புக்குள்ளேயேதான் வந்து உட்கார்ந்தது. மலடி என்ற சொல்லை என் காதுபடவே இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். மலடன் என்ற சொல் அகராதியில் இருக்கிறது. எங்கள் ஊர் வாயில் அது இருந்து நான் கேட்டதில்லை.

2011ல் அவர் லீவில் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் மாமி, என் மாமியார், பிரஸ்னம் வைத்து ஜோசியம் பார்த்தார். சோழி போட்டுப் பார்த்த பணிக்கர், "வீட்டுப் பறம்பில் காவு இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது. வீட்டுக்குத் தெற்கே சர்ப்பக்காவு, நாகங்களுக்கென்று விட்டு வைத்த மரக்கூட்டம். அவருடைய தாத்தா ரப்பர் வைப்பதற்காக மரங்களை வெட்டி, நாகக் கற்களைத் தோட்டின் கரையில் கொண்டு போட்டிருக்கிறார். மாமிக்குக் கை நடுங்கியது. தான் கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு பவுன் வளையலைக் கழற்றி விற்றார். கற்களைத் தேடி எடுத்து வந்து, மூன்று சென்ட் இடம் ஒதுக்கி, மறுபடி காவு ஆக்கினார். ஆயில்யம் நாளில் நாகங்களுக்கு "நூறும் பாலும்" என்ற படையல் கொடுத்தோம். மஞ்சள்பொடியும் அரிசிமாவும் இளநீரும் பாலும் கலந்து கமுகம்பாளையில் எடுத்துக் கற்களின் தலையில் விடும்போது, மாமி என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். அந்த இடம் இன்றைக்கும் இருக்கிறது. இலுப்பையும் காஞ்சிரமும் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டன. காவை வெட்டியது தப்பு, திரும்ப வைத்தது நல்லது என்றே இன்றும் நினைக்கிறேன்.

தோஷம் தீர இருவரும் 41 நாள் விரதம் இருக்க வேண்டும் என்று பணிக்கர் சொல்லியிருந்தார். மீன் இல்லை, ஒரே படுக்கை இல்லை. அவர் வந்தது 60 நாள் லீவில். விமானம் இறங்கிய மறுநாளே மாலை போட்டோம். 41 நாள் முடிந்து, கேரளத்தில் ஹரிப்பாட்டுக்குப் போய் மண்ணாறசாலை நாகராஜா கோவிலில் உருளி கவிழ்த்தோம். குழந்தை வேண்டி வருகிற தம்பதிகள் வெண்கல உருளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவார்கள், பிள்ளை பிறந்ததும் திரும்பப் போய் நிமிர்த்துவார்கள். அங்கே தலைமைப் பூசை செய்வது பெண்தான். அந்த அம்மா இருக்கிற இல்லத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்த நிம்மதி உண்மையான நிம்மதி. ஆனால் வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தால் லீவில் மிச்சம் 19 நாள்கூட இல்லை. பிள்ளை வேண்டிச் செய்த விரதம், பிள்ளை உண்டாவதற்கு இருந்த நாள்களையே எடுத்துக்கொண்டது. அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

பணிக்கரோ மாமியோ வேண்டுமென்று செய்ததில்லை இது. அவர் நாட்டிலேயே இருக்கிறவராக இருந்திருந்தால் 41 நாள் ஒரு பொருட்டே இல்லை. இப்போது யாராவது விரதம் பற்றிக் கேட்டால், மாப்பிள்ளை விமானம் ஏறிய பிறகு பெண் இருக்கட்டும், அவர் அங்கே இருந்தே இருக்கட்டும் என்று சொல்கிறேன். எந்தக் கோவிலும் அதற்குக் குறை சொல்லாது.

அடுத்தது 16 நாள் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களை அதிகம் பாதித்தது இதுதான்.

மாமி சொல்வார்: "தீட்டு வந்து நாலாம் நாள் தலை முழுகணும். அஞ்சுலேர்ந்து பதினாறு வரைக்கும் நல்ல நாள். அதுக்கப்புறம் கர்ப்பப்பை வாய் மூடிரும் மக்களே, வித்து வீணாப் போவும்." இது மாமி கண்டுபிடித்ததில்லை. தீட்டு தொடங்கியதிலிருந்து 16 இரவு என்ற கணக்கு மனுதர்மத்திலேயே இருக்கிறது. பழைய ஆயுர்வேத நூல்களிலும், பொழுது சாய்ந்ததும் தாமரை கூம்புவதுபோல அந்தக் காலம் முடிந்ததும் கருவழி மூடிக்கொள்ளும் என்ற உவமை உண்டு. இதில் ஒரு பெரிய உண்மையும் இருக்கிறது. மாதத்தில் எல்லா நாளும் கரு நிற்காது, சில நாள்தான் நிற்கும் என்று நம் முன்னோர் கண்டுகொண்டிருக்கிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை தீட்டு வருகிற பெண்ணுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும்.

எனக்கு 35 நாள். வயசுக்கு வந்ததிலிருந்தே அப்படித்தான்.

டாக்டரம்மா ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். முட்டை வெளிவருவது அடுத்த தீட்டுக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால். தீட்டு முடிந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, அடுத்த தீட்டிலிருந்து பின்னால் எண்ண வேண்டும். 28 நாள் சுற்றுக்கு அது, தீட்டு தொடங்கிய நாளை முதல் நாளாக வைத்தால், 14ஆம் நாள். 35 நாள் சுற்றுக்கு 21ஆம் நாள். வெளியே வந்த முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும், ஆணின் விந்தணு உள்ளே 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே கரு நிற்கக்கூடிய நாள்கள் முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாளும். எனக்கு அது 16லிருந்து 21 வரை. அதாவது மாமியின் கணக்கில் கதவு மூடுகிற நாளில்தான் எனக்குத் திறக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. தோகாவில் கூட இருந்தவர்கள் சொன்னது. வித்தைச் சேர்த்து வைத்தால் கெட்டியாகும், அடிக்கடி சேர்ந்தால் நீர்த்துப்போகும் என்று. அதனால் 16 முடிந்ததும் அவரே ஒதுங்கிக்கொள்வார், நாங்கள் கோவில் கோவிலாகப் போவோம். சேர்த்து வைப்பதால் ஒரு நன்மையும் இல்லை. நாள்பட நாள்பட விந்தணுவின் ஓட்டம்தான் குறையும். அந்த நாள்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் அல்லது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும். தேதி பார்த்துத் திணறவும் வேண்டாம்.

டாக்டரம்மா மறுபடி பேனாவை எடுத்தார். 162ல் விரதம் 41 போனது. மாமா இறந்த துக்கத்துக்கு 16 நாள் போனது. மிச்சம் 105. என் சுற்றுக்கு அது மூன்று மாதம். மாதத்துக்கு 6 நாள் என்றால் 18. அதில் 16ஆம் நாள் மட்டும்தான் நாங்கள் சேர்ந்திருந்த கணக்கில் வருகிறது. ஆக 3 நாள். உத்தேசக் கணக்குதான், ஆனாலும் அவர் அந்த 3ஐ எழுதிவிட்டு நிமிர்ந்தபோது என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். வெளியாள் முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அதற்கு முன்னால் நான் பார்க்காத வைத்தியம் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு மருத்துவமனைக்கு 2012லிருந்து போய்க்கொண்டிருந்தேன். குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே இரண்டு தடவை எடுத்தார்கள். இரண்டு தடவையும் வலியில் உதட்டைக் கடித்து ரத்தம் வந்தது. அடைப்பு இல்லை. அப்புறம் முட்டை வளர மாத்திரை, மாதத்தில் 5 நாள் என்று ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் அவர் தோகாவில் இருந்தார். மாப்பிள்ளை எங்கே என்று மருத்துவமனையில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மருந்து உள்ளே போனால் கர்ப்பப்பை சுத்தமாகும், அவர் வரும்போது தயாராக இருக்கும் என்று நினைத்தேன். முட்டை அந்தந்த மாதம் வந்து அந்தந்த மாதமே போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததற்கு நான் வெட்கப்படவில்லை, யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

அவருக்கு அதுவரை விந்துப் பரிசோதனை செய்யவே இல்லை. சில நூறு ரூபாயில் முடிகிற சோதனை, ஊசிகூடக் கிடையாது. குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் குறை இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் அது எப்போதும் கடைசியில்தான் வரும். "ஆம்பிளைக்கு என்ன, அவன் நல்லாத்தானே இருக்கான்" என்பார்கள். மீசையும் தோளும் தாம்பத்தியமும் நன்றாக இருப்பது வேறு, விந்தணு எண்ணிக்கை வேறு. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பதால்தான் ஆண்கள் அந்தச் சோதனைக்கு அவ்வளவு பயப்படுகிறார்கள். அவரும் பயந்தார். லேபில் ஒரு கழிப்பறையைக் காட்டி டப்பாவைக் கையில் கொடுத்தபோது திரும்பி வந்துவிட்டார். அப்புறம் டாக்டரம்மாதான், பக்கத்தில் லாட்ஜில் அறை எடுத்து அங்கே எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் போதும் என்றார். இதைத் தெரிந்துகொள்வது நல்லது: சோதனைக்கு முன்னால் 2 நாளிலிருந்து 7 நாள் வரை சேராமல் விலகியிருக்க வேண்டும். லேபில் கொடுக்கும் டப்பாவில்தான் எடுக்க வேண்டும், சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது. எண்ணெய், சோப்பு, எச்சில் படக் கூடாது. கொண்டுவரும்போது சட்டைப்பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அவர் அப்படித்தான் கொண்டுவந்தார், ஆட்டோவில் ஒரு கையால் பையை மூடிக்கொண்டே.

ஒரு மில்லிக்கு 60 லட்சம் என்று வந்தது. அன்றைய அளவுகோலில் 1 கோடியே 50 லட்சமாவது இருக்க வேண்டும். 2021ல் உலக சுகாதார நிறுவனம் அதை 1 கோடியே 60 லட்சம் ஆக்கியிருக்கிறது. அவருக்கு முகம் செத்துவிட்டது. டாக்டரம்மா சொன்னார், ஒரே சோதனையை வைத்து முடிவு பண்ணக் கூடாது, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று. வந்திருந்தது, புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்னால். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மூன்று மாதம் ஆகிறது, இடையில் கடுமையான காய்ச்சல் வந்தால் எண்ணிக்கை விழும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார். மூன்று மாதம் இருக்க வேண்டுமானால் வேலை போகும்.

அன்றிரவு அவர் தூங்கவில்லை. காலையில் எழுந்து, "நான் போகல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இரண்டாவது சோதனையில் 80 லட்சம். பரிசோதித்ததில் இடது விதைப்பையில் நரம்புச் சுருள். விதைப்பையில் ரத்தக்குழாய்கள் வீங்கிச் சுருண்டுகொள்வது, வேரிகோசீல் என்று சொல்வார்கள். 100 ஆண்களில் 15 பேருக்கு இருக்கக்கூடியதுதான், பலருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இருக்காது. குழந்தை இல்லாமல் வருகிற ஆண்களிடம் அது இன்னும் அதிகமாகத் தென்படுகிறது. வேலையைப் பற்றியும் விசாரித்தார். தோகாவில் குப்பூஸ் அடுப்பின் வாயில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் நிற்பார், வியர்வையில் பேன்ட் ஒட்டிக்கொள்ளும். விதைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே, உடம்புச் சூட்டைவிட 2, 3 டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும் என்பதற்காக. அடுப்புதான் காரணம் என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லவில்லை, காரணங்களில் ஒன்றாக இருக்கலாம் என்றார். எனக்கு வெந்தயமும் இளநீரும் ஞாபகம் வந்தன. சூடு என்று நம் ஆட்கள் சொன்னது முழுக்கப் பொய்யில்லை, பார்த்த உடம்புதான் மாறிவிட்டது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும், வளைகுடாவில் இருக்கும் தம்பிமார் படிப்பார்கள் என்பதால். அங்கே அவருக்கு ஒருவர் ஆண்மைக்கு ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். டெஸ்டோஸ்டிரோன் ஊசி. உடம்பு தெம்பாகும், ஆனால் வெளியிலிருந்து அது வந்ததும் உடம்பு தானாக விந்தணு உருவாக்குவதை நிறுத்திவிடும். குழந்தை வேண்டுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. பேர் தெரியாத பொடியும் லேகியமும் அப்படித்தான், எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி மைனி.

என் அண்ணனுக்கும் மைனிக்கும் எங்களுக்கு நான்கு வருஷம் முன்னால் கல்யாணம். அண்ணன் உள்ளூரில்தான் இருக்கிறார், கொத்தனார். அவருக்குச் சோதனையில் ஒரு குறையும் இல்லை. மைனியைப் பற்றி ஊரில் சொன்னது, கன்னியாக இருக்கும்போது உச்சிப்பொழுதில் சுடுகாட்டு வழியாக வந்து பயந்தவள் என்று. அதற்கு மந்திரித்துக் கட்டிய கயிறு அவள் இடுப்பில் வருஷக்கணக்கில் கிடந்தது. உண்மையில் நடந்தது வேறு. பதினேழு வயதில் ஹாஸ்டலில் இருந்தபோது அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. டிபி. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள், இருமல் நின்றதும் நிறுத்திவிட்டார்கள். கல்யாணம் நடக்காதே என்று வீட்டில் அதை மறைத்தார்கள். மைனியிடமும், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். ஒன்பது வருஷம் அவள் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை.

நுரையீரலில் இருக்கும் டிபி சில பேருக்கு ரத்தத்தோடு போய்க் கருக்குழாயிலும் கர்ப்பப்பையிலும் உட்காரும். பெரும்பாலும் இருமலோ காய்ச்சலோ இருக்காது. தீட்டு குறைவது, அடிவயிற்றில் மெல்லிய வலி, பல பேருக்கு அதுகூட இல்லை. நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு இது ஒரு முக்கியமான காரணம். கர்ப்பப்பைச் சதையை எடுத்துச் சோதித்துத்தான் மைனிக்குக் கண்டுபிடித்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே 6 மாதம் மாத்திரை சாப்பிட்டாள், நோய் போய்விட்டது. ஆனால் ஒட்டிப்போன குழாய் திரும்பத் திறக்கவில்லை. குழாய் வேலை செய்யாவிட்டாலும் டெஸ்ட் டியூப் முறையில் கருவை நேராகக் கர்ப்பப்பையில் வைக்கலாம் என்று இரண்டு தடவை செய்தார்கள். உள்சுவரிலும் தழும்பு இருந்ததால் பிடிக்கவில்லை. வீட்டை அடமானம் வைக்க அண்ணன் தயாராக இருந்தார். மைனிதான் போதும் என்றாள்.

அதனால்தான், டாக்டரைப் பார்க்கப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சின்ன வயது வியாதிகளைத்தான். டிபி வந்ததா, வீட்டில் யாருக்காவது இருந்ததா, குடல்வால் வெடித்து ஆபரேஷன் நடந்ததா. ஆணுக்கு வயசுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கியதா. மாமியார் பக்கத்தில் இருந்தால் வாய் வராது என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டுபோய் டாக்டரின் கையில் கொடுத்துவிடுங்கள். கூடவே, கடைசி ஆறு மாதத் தீட்டுத் தேதிகளையும் இருவரும் சேர்ந்திருந்த காலத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். என் 35 நாளை டாக்டரம்மா கண்டுபிடித்தது அண்டி ஆபீஸ் காலண்டரில் நான் போட்டு வைத்திருந்த புள்ளிகளை வைத்துத்தான். இருவரும் சேர்ந்தே போங்கள். முதல் நாளே ஆணுக்கும் சோதனை எழுதாத இடத்தில் மறுபடி காலை வைக்காதீர்கள்.

2016 தொடக்கத்தில் அவருக்கு நரம்புச் சுருளுக்கு ஆபரேஷன் நடந்தது. எல்லோருக்கும் அது தேவைப்படாது, பலன் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை என்று சொல்லித்தான் செய்தார்கள். அவர் மார்த்தாண்டத்தில் ஒரு பேக்கரியில் சேர்ந்தார், அடுப்புப் பக்கம் போகாமல் கல்லாவில். ஆறு மாதத்தில் எண்ணிக்கை 1 கோடியே 70 லட்சம் ஆனது. நான் ஃபோலிக் ஆசிட் மாத்திரை சாப்பிடத் தொடங்கினேன். கரு நிற்பதற்கு முன்பே சாப்பிட வேண்டிய மாத்திரை அது, நின்ற பிறகு தொடங்கினால் குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும் வாரங்கள் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும்.

அந்த அக்டோபரில் நின்றது. எட்டாம் வாரத்தில் கலைந்தது. மறுபடி காரணங்கள் வந்தன. பப்பாளி சாப்பிட்டேனா, படி ஏறினேனா, அண்டி ஆபீஸ் பஸ்ஸில் குலுங்கினேனா. இந்தத் தடவை நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆரம்ப வாரங்களில் கலைவதில் பாதிக்குமேல் கருவின் குரோமோசோம் சரியாகச் சேராததால் நடப்பது, நான் செய்ததும் செய்யாததும் காரணமில்லை என்று மாமியிடம் சொன்னேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சி வைத்து, சுட்ட பப்படம் நொறுக்கிப் போட்டு, ஊட்டிவிட்டார்.

2017 டிசம்பரில் மகள் பிறந்தாள்.

இருபத்தெட்டாம் நாள் கட்டு. குழந்தைக்கு அரையில் கறுப்புக் கயிறும் பொன்னும் கட்டுகிற நாள். கூடத்தில் விளக்கு வைத்து, பாய் விரித்து, எல்லோரும் இருந்தார்கள். மைனி அடுக்களை வாசலில் நின்றாள். சமையல் பாத்திரம் எதையோ துடைத்துக்கொண்டே இருந்தாள். குழந்தையை முதலில் யார் மடியில் வைப்பது என்று பேச்சு வந்தபோது, நான் மைனியைக் கூப்பிட்டேன். அவருடைய வல்லியம்மை, அதாவது பெரியம்மா, ஒருத்தி, "அவ வேண்டாம் மக்களே, பிள்ளை பெத்த கை போதும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் கூடம் முழுக்கக் கேட்டது. மைனி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

நான் எழுந்து போக நினைத்தேன், தையல் இன்னும் வலித்தது. அதற்குள் மாமி எழுந்தார். என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் மைனி குழந்தையோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். மாமி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கிடந்த பிள்ளைக்குக் கயிற்றைக் கட்டினார். வல்லியம்மை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மைனி சுண்டுவிரலைக் கயிற்றுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "மாமி, இறுகிப்போச்சு, கொஞ்சம் தளத்துங்க" என்றாள்.